காலி மாடம்

நயினார் முதலில் கேட்டது இரண்டு சிங்கங்கள். வாசலுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, வாயைப் பிளந்தபடி. அப்புறம் நடுவில் ஒரு நீரூற்று, அதன் மேல் துள்ளுகிற டால்பின். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள, உள்ளே விளக்கு எரிகிற சிவப்பு இதயம் ஒன்று. தோட்டத்துக்குப் படம் வரைய வந்திருந்த ஷ்யாமளா எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. மும்பையில், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை. எதிரில் இருப்பவரை மனசுக்குள் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வெளியே "அப்படியா, பேஷ்" என்று சொல்ல அவளுக்கு நன்றாகவே வரும்.

"நீங்க படம் போட்டுக் காட்டுங்க மேடம். காசப் பத்தி யோசிக்காதீங்க. பாக்குதவன் அசந்து போவணும், அவ்வளவுதான்" என்றார் நயினார்.

அசந்து போவதென்றால் இவருக்கு என்னவென்று அவளுக்குத் தெரியும். பெல்ட்டுக்கு வார் வெட்டுகிற பட்டறையில் தொடங்கி, கடைக்கு மேல் கடையாக வைத்து, இப்போது விரலுக்கு விரல் மோதிரம் போட்டிருக்கும் மனிதர். தாராவியும் மாஹிமும் ஒட்டுகிற மூலையில் பல காலம் பூட்டிக் கிடந்த பழைய தோல் ஆலையை வாங்கிக் கல்யாண மண்டபமாக மாற்றுகிறார். அதைச் சுற்றி ஒரு தோட்டம் வேண்டும். சினிமாவில் வருகிற அரண்மனைத் தோட்டம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பாள், அந்தக் கட்டடங்களைப் பார்த்திராவிட்டால்.

மூன்று செங்கல் கட்டடங்கள். நீண்ட கிடங்குகள் இரண்டு, ஒன்றையொன்று பார்த்தபடி. கோடியில், வாசலுக்கு நேர் எதிரே, சின்னதாக ஆபீஸ் கட்டடம். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. வளைவுகளில் ஒவ்வொரு செங்கல்லும் அடுத்ததன் தோளில் சாய்ந்திருந்தது. வெயில் சாயும்போது சுவர்கள் செம்மண் நிறத்திலிருந்து மாதுளை நிறத்துக்குப் போயின. அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தபோது ஷ்யாமளாவுக்கு உள்ளே என்னவோ அடங்கியது. மனிதர்களிடம் அவளுக்கு அப்படி எதுவும் அடங்கியதில்லை. அவர்கள் வாயைத் திறந்த மறுகணம் அவளுக்குள் ஒரு உதடு கோணிக்கொள்ளும். செங்கல் வாயைத் திறப்பதில்லை.

சிங்கத்தையும் டால்பினையும் இதயத்தையும் ஒவ்வொன்றாக நயினாரின் தலையிலிருந்து இறக்கினாள். வேலைக்காரரிடமிருந்து சாவியை வாங்குகிற மாதிரி, சிரித்துக்கொண்டே. கடைசியில் அவர் ஒப்புக்கொண்ட படம் இது: வாசலிலிருந்து கோடிச் சுவர்வரை ஒரே நேர்பாதை, வெண்கூழாங்கல் பரப்பியது. இரு பக்கமும் இடுப்பளவு செடிவேலி, நூல் பிடித்து வெட்டியது. வேலிக்குப் பின்னால் சம சதுரப் புல்வெளிகள், சதுரத்துக்கு ஒரு மரம், இடப்பக்கம் எதுவோ வலப்பக்கமும் அதுவே. பாதை போய் முடிகிற சுவரில், அடைத்துக் கிடந்த ஒரு ஜன்னலைப் பாதியளவு திறந்து மாடமாக்கச் சொன்னாள். மாடத்தில் ஒன்றும் கிடையாது.

"ஒண்ணுமே இல்லையா?" என்றார் நயினார்.

"ஒண்ணுமே இல்லை. கண் நேராப் போயி அங்க நிக்கணும். நின்னா அங்க எதுவும் இருக்கப்படாது. அதான் அழகு."

நயினார் மனைவி பக்கம் திரும்பினார். பேராச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஸ்பீக்கரில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமலே ஷ்யாமளாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். காட்டன் புடவை, கழுத்தில் ஒன்றுமில்லை, நரையை மறைக்காத முடி. பார்த்துவிட்டு மறுபடியும் போனுக்குப் போய்விட்டாள்.

இந்தத் தோட்டம் ஷ்யாமளாவுக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பது வேறு கதை. கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய கம்பெனியில் இத்தனை காலம் தோட்டங்கள் வரைந்தாள். அலிபாக்கில், லோனாவாலாவில், பணக்காரர்கள் சனி ஞாயிறுகளில் போய்க் குடிக்கிற வீடுகளைச் சுற்றியெல்லாம் அவள் இழுத்த கோடுகள் உண்டு. எல்லாவற்றிலும் முதலாளியின் பெயர். ராஜினாமாவைக் கொடுத்தபோது அவர் சிரித்தார். "உன் மேஜைய யாருக்கும் குடுக்க மாட்டேன். எப்படியும் வரத்தானே போற" என்றார். அந்தச் சிரிப்பை அவள் தூக்கிப் போடவில்லை, பத்திரமாக வைத்திருந்தாள். இது அவள் பெயரில் வரப்போகிற முதல் தோட்டம். கட்டடக்கலைப் பத்திரிகை ஒன்று, மழைக்கு முன்னால் முடித்தால் வந்து படம் எடுத்துப் போடுகிறோம் என்று சொல்லியிருந்தது. படம் வந்தால் நாலு பேர் தேடி வருவார்கள். வராவிட்டால் அந்த மேஜைதான், அந்தச் சிரிப்புதான்.

வேலி நட்ட அன்றைக்குப் பேராச்சி எழுந்து வந்து ஓர் இலையைக் கிள்ளினாள். கசக்கி முகர்ந்து பார்த்தாள்.

"எம்மா, இது கறிவேப்பில மாரில்லா இருக்கு?"

"காமினின்னு பேரு. கறிவேப்பிலைக்குச் சொந்தம்தான்."

"தாளிக்க ஆவுமா?"

"ஆகாது."

"பொறவு என்னத்துக்கு இம்புட்டு நட்டிருக்கிய?" என்று கேட்டுவிட்டு, இலையைச் சுண்டி எறிந்தாள். பெருக்குகிற பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஷ்யாமளாவும் புன்னகை செய்தாள். நான் கோபித்துக்கொள்கிற அளவுக்குக்கூட இவளுக்குத் தகுதி இல்லை என்பது அந்தப் புன்னகையின் அர்த்தம். பேராச்சிக்கு அது புரியாது என்று நினைத்தாள்.

தொல்லை துப்பலில் ஆரம்பித்தது. மண் சுமக்கிறவர், பைப் போடுகிறவர், கரண்ட் வேலைக்காரர், பார்க்க வந்த நயினாரின் தோழர்கள் என்று வருகிறவரெல்லாம் வாயில் பானோ குட்காவோ அடக்கியிருந்தார்கள். வாசலிலிருந்து பாதை நேராகப் போகும். அவர்களும் நேராகப் போய்க் கோடிச் சுவரில்தான் துப்பினார்கள். சுற்றிலும் அத்தனை இடம் இருக்க, அவள் பாதை போட்டு அழைத்துக்கொண்டு போய் விட்ட இடத்தில் துப்பினார்கள். மாதுளை நிறச் சுவரில் மாடத்துக்குக் கீழே எச்சில் சிவப்பு வழிந்து காய்ந்தது. கழுவினால் சுண்ணாம்புக் காரை ஊறி உதிர்ந்தது.

வேலையை எடுத்துச் செய்த கேஷவ் ஆண்டாப் ஹில்லில் பிறந்தவன். வீட்டில் தமிழ், வெளியில் ஹிந்தி, மேஸ்திரிகளிடம் மராத்தி. அவனைக் கூப்பிட்டு அவள் கத்தினாள்.

"என்ன ஜனங்கள் இதுகள்? துப்பறதுக்கு வேற எடமே கெடைக்கலையா? நீ என்ன பண்ணுவியோ தெரியாது, நான் திரும்பி வரச்சே இந்தச் சுவத்துல ஒரு சொட்டு விழுந்திருக்கப்படாது."

"அரே மேடம், டென்ஷன் லேனேக்கா நஹி. நான் பாத்துக்கறேன். ஏக்தம் பக்கா."

அவள் புனே பக்கம் நர்சரிக்குப் போனாள், மீதி வேலிக்குச் செடி பொறுக்க. போன இடத்தில் காய்ச்சல் கண்டது. வீட்டுக்கு வந்தும் படுக்கையிலேயே கிடந்தாள். படுத்துக்கொண்டே மாடத்தை நினைத்தாள். ஒன்றுமில்லாத ஒரு இடத்தை இந்த ஊரில் உண்டாக்குவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்தாள். எல்லா இடத்திலும் எதையாவது கொண்டுவந்து திணிக்கிற ஜனங்கள். பஸ்ஸில் மூட்டையை, சுவரில் போஸ்டரை, பேச்சில் சொந்தக்காரர்களை. அவளுடைய சொந்த வீட்டிலேயே, மாமியார் போன பிறகும் பூஜை அலமாரியில் அவளுடைய சாமி படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றிருந்தன. ஒருநாள் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிக் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். அலமாரியில் பிறகு எதையும் வைக்கவில்லை. அதைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு.

திரும்பிப் போனபோது வாசலிலேயே செருப்புகளைப் பார்த்தாள்.

கூழாங்கல் பாதை தொடங்குகிற இடத்தில் ரப்பர் செருப்புகள், பிளாஸ்டிக் செருப்புகள், ஒரு ஜோடி பூட்ஸ்கூட, பாதைக்கு இரு பக்கமும் வரிசையாக. உள்ளே, அவளுடைய நேர்பாதையில், பெருக்குகிற பெண்கள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். நடுவில் நடக்காமல் ஓரமாக. ஒருத்தி கோடிச் சுவருக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாடத்தில் முருகன் இருந்தான்.

டைல்ஸ் கடைகளில் விற்கிற ஓடு. ரோஜா நிற முகம், நீல மயில், பின்னால் பச்சை மலை. கீழே சின்ன அகல். அகலிலிருந்து எண்ணெய் வழிந்து செங்கல்லில் கருப்பாக இறங்கியிருந்தது. ஊதுபத்திப் புகை வளைவில் படிந்திருந்தது. மஞ்சள், குங்குமம், வாடிய செவ்வந்தி. எச்சில் மட்டும் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

"கேஷவ்!"

ஓடி வந்தான். அவனும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

"என்னடா இது?"

"துப்பக் கூடாதுன்னு சொன்னீங்களே மேடம். மும்பைல வேற என்ன வழி இருக்கு சொல்லுங்க? போர்டு வெச்சா போர்டு மேல துப்புவான். மாடிப்படி மூலைலல்லாம் சாமி டைல்ஸ் பாத்ததில்ல? உங்க பில்டிங்லயே இருக்குமே."

இருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிள்ளையாரும் சிலுவையும் மெக்காவும் பக்கத்தில் பக்கத்தில். தினமும் அதைத் தாண்டித்தான் இறங்கினாள்.

"கீழ ஒட்டினா உங்க டிசைன் கெட்டுடும்னு பாத்தேன்" என்றான் அவன், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. "மாடம் காலியாத்தானே இருந்துச்சு. நம்ம நயினார் சேட்டு திருநெல்வேலிப் பக்கம், திருச்செந்தூர் சாமின்னா குஷியாயிடுவாருன்னு மாட்டுங்கா போயி வாங்கிட்டு வந்தேன். ஒட்டின அன்னிக்கே பந்த். ஒருத்தன் துப்பல."

"எடு அதை. இப்பவே."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "நானா? வெச்ச கையால எடுக்க மாட்டேன் மேடம். பூஜை ஆயிடுச்சு. வேற என்ன வேணா சொல்லுங்க."

மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பீகாரி ஆட்கள் தமிழ் புரியாததுபோல் நின்றார்கள். நயினார் வந்தார். விஷயத்தைக் கேட்டார். நெற்றியைத் தடவினார்.

"சனிக்கிழமை போட்டோ எடுக்க வரா. இதோட எடுத்தா என் டிசைனே இல்லை இது. தெருமுனைக் கோயில்" என்றாள் ஷ்யாமளா.

"உங்க தோட்டம் மேடம், நீங்க சொன்னா சரிதான். ஆனா என் வாயால எடுன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு இங்க நாலு கல்யாணம் நடக்கணும்லா."

பேராச்சி நாற்காலியிலிருந்து எழவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அதை அவள் கவிழ்த்து வைத்து ஷ்யாமளா அன்றுதான் பார்த்தாள்.

"எம்மா, ஒண்ணு கேக்கேன். வாசல்லேருந்து நேரா ஒரு பாதை. ரெண்டு பக்கமும் சுவர் மாரி செடி. கடேசில ஒரு மாடம். கோயிலக் கட்டி வச்சுட்டு சாமி வரப்படாதுன்னா என்னம்மா அர்த்தம்?"

"இது கோயில் இல்லை. இதுக்குப் பேர் வேற. உங்களுக்குச் சொன்னா..."

"வெளங்காது" என்று முடித்தாள் பேராச்சி. "வெளங்காதுன்னு மொத நாளே உங்க மூஞ்சிலேயே எழுதி வச்சிருந்திய. நான் அஞ்சாங்கிளாஸ்தான், அதுவும் முனிசிபாலிட்டி பள்ளிக்கூடம். ஆனா மூஞ்சி வாசிக்கத் தெரியும். எடுக்கணும்னா நீங்களே எடுங்க. யாரும் மறிக்க மாட்டோம். ஏ கேஷவ், அவிய கைல உளியக் குடு."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

ஷ்யாமளா வாசல் பக்கம் போய், கருவிப் பெட்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். கை நடுங்கவில்லை என்று கவனித்துத் திருப்திப்பட்டாள். இந்தக் கூட்டம் எதிர்பார்ப்பது நடுக்கத்தைத்தான். ஓட்டுத் துண்டு ஒன்று, கடையில் விலை பேசி வாங்கியது, பின்னால் சிமென்ட் அப்பியது. இதற்கு இவ்வளவு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்து வாழ்கிற கூட்டம். பாதையில் இறங்கி நடந்தாள். முதுகை நிமிர்த்தி, பாதையின் நட்டநடுவில்.

பாதி தூரம் போனபோது உள்ளங்காலில் கல் குத்தியது.

குனிந்து பார்த்தாள். அவள் கால்கள் வெறுமையாக இருந்தன. கூழாங்கல் மேல் வெளுத்து, விரல்கள் கொஞ்சம் கோணி, ஐம்பதைத் தொட்டவளின் கால்கள். திரும்பினாள். வாசலில், மற்றச் செருப்புகளின் வரிசையில், அவளுடைய தோல் செருப்பு ஜோடியாக, நேராக, நுனி அவளைப் பார்க்கக் கிடந்தது. கழற்றியது நினைவில் இல்லை. எந்தக் கால் முதலில் என்று நினைவில்லை. அவளைக் கேட்காமல், அவளிடம் சொல்லாமல், கால்கள் கழற்றிவிட்டிருந்தன.

ஏதாவது ஒரு எண்ணம் வந்திருந்தால் அதை அடித்து விரட்டியிருப்பாள். அதற்கு அவளுக்குப் பழக்கம் உண்டு. எண்ணமே வராமல் நடந்த ஒன்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமியாரின் படங்களை மூட்டை கட்டியபோதும் குளித்துவிட்டுத்தான் கட்டினாளா? கட்டினாள். அன்று அதற்கு உடம்புப் புழுக்கம் என்று பெயர் வைத்திருந்தாள். இத்தனை காலம் மற்றவர்களைத் தள்ளி நிற்கவைத்துப் பார்த்த கண், முதல்தடவையாகக் கீழே, தன் கால் பெருவிரலில் வந்து நின்றது. அங்கும் அதற்கு மரியாதை வரவில்லை. நீயும்தானா, என்றது.

பேராச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

அப்போது உளியைக் கீழே போட்டிருந்தால் பிற்பாடு எல்லோரும் அவளைப் பற்றி நல்லபடியாகப் பேசியிருப்பார்கள். அந்த நல்ல பேச்சுதான் அவளுக்கு ஆகாது. வந்த வழியே வாசலுக்கு நடந்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள், வாரைப் பூட்டினாள், திரும்ப முதலிலிருந்து நடந்தாள். இந்தத் தடவை கூழாங்கல் நறநறவென்று சத்தம் போட்டது. அகலையும் பூவையும் எடுத்துத் தரையில் வைத்தாள். உளியை விளிம்பில் வைத்து அடித்தாள். இரண்டாவது அடிக்கே ஓடு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. கேஷவ் சாமியைக்கூட அரைகுறையாகத்தான் ஒட்டியிருந்தான்.

உடையாத முருகனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தரையில் வைக்கக் கை இறங்கவில்லை. மறுபடியும் அதே உடம்பு.

பேராச்சி எழுந்து வந்தாள். முந்தானையை விரித்தாள்.

"போடுங்க" என்றாள். வாங்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை போட்டோ எடுக்க வந்த பெண்ணின் பெயர் ஷைஸ்தா. பாந்த்ராவிலிருந்து வந்தாள், தோளில் இரண்டு காமிரா, கையில் ஐஸ் காபி. செங்கல்லைப் பார்த்து "வாவ்" என்றாள், வேலியைப் பார்த்து "வாவ்" என்றாள், கோடி மாடத்தைப் பார்த்ததும் தலையைச் சாய்த்தாள். ஊதுபத்திக் கரியைத் தேய்த்து எடுத்தாயிற்று. எண்ணெய்க்கறை மட்டும் போகவில்லை. பின்சுவரில் ஓடு இருந்த இடம் சிமென்ட் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. ஷ்யாமளா வரைந்தபோது அந்த மாடம் ஒன்றுமில்லாததாக இருந்தது. இப்போது அது எதையோ பறிகொடுத்ததாக இருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததை ஷைஸ்தாவிடம் சொல்லவில்லை.

"உதர் குச் ரக்தே ஹைன் நா?" என்றாள் ஷைஸ்தா. அங்கே எதையாவது வைக்கலாமே என்று. பித்தளை விளக்கு, மண்பானை, எதுவானாலும். "படா காலி லக்தா ஹை." ரொம்பக் காலியாகத் தெரிகிறதாம்.

"காலி ஹி ரஹேகா" என்றாள் ஷ்யாமளா, காலியாகவேதான் இருக்கும் என்று.

பேராச்சி தன் நாற்காலியில் இருந்தாள். ஹிந்தி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எழுந்துகொள்ளவில்லை. ஓடு எங்கே இருக்கிறதென்று அவளுக்கு மட்டும் தெரியும், கேட்டால் கொடுப்பாள். ஆனால் கேட்க வேண்டும்.

ஷைஸ்தா எடுத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். கண் போய் நிற்கிறது, ஆனால் நிற்க அங்கே பிடிப்பு இல்லை, எடிட்டர் இதை எடுத்துக்கொள்ள மாட்டார் என்றாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. நீங்களே நில்லுங்களேன் என்றாள். தோட்டத்தைப் படைத்தவர், தோட்டத்தின் நடுவில்.

ஷ்யாமளா கொஞ்சம் மறுத்தாள். எவ்வளவு மறுக்க வேண்டுமோ அவ்வளவு. பிறகு நேர்பாதையில் நடந்து கோடிக்குப் போய், மாடத்துக்கு முன்னால் நின்றாள். வளைவு அவள் தலைக்குப் பின்னால் சரியாக வந்து அமர்ந்தது. இரண்டு வேலிகளும் இரண்டு கிடங்குகளும் அத்தனை சதுரங்களும் அவளைப் பார்த்துக் குவிந்தன. அந்த இடத்தில் நின்று வாசலைப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் சின்னதாக, தூரத்தில், தன்னை நோக்கி வருகிறவர்களாகத் தெரிந்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதில்தான் அவளுக்குக் கூச்சம் வந்தது.

"ஆங்" என்றது பேராச்சியின் குரல், சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இப்பம் நெறைஞ்சுட்டு. இதுக்குத்தான் அவர எறக்கிவிட்டாவளாக்கும்."

பெருக்குகிற பெண்கள் இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளவில்லை. கேஷவ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நயினார் "ஏய், சும்மா கெட" என்று அதட்டினார், பாதிச் சிரிப்போடு.

ஷைஸ்தாவுக்குத் தமிழ் புரியாது. சிரிப்பு நல்ல வெளிச்சத்தைக் கொண்டுவந்துவிட்டது என்பதுபோல் இன்னும் நாலைந்து எடுத்தாள். பிறகு காமிராவைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்று ஆளில்லாதது, வெளுத்த சதுரத்தோடு. இன்னொன்றில் மாதுளை நிறச் சுவரும், வளைவும், அதன் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணும். அவளுடைய தலை அந்தச் சதுரத்தை முழுக்க மறைத்திருந்தது. கடைக்கண்ணில் லேசாகக் கீழ்நோக்கிப் பார்க்கிற அந்தப் பார்வையை ஷ்யாமளா கண்ணாடியில் ஒருநாளும் பார்த்ததில்லை. மற்றவர்கள் தினமும் பார்த்திருப்பார்கள்.

"எதை அனுப்பட்டும்?" என்று ஹிந்தியில் கேட்டாள் ஷைஸ்தா.

ஆளில்லாத படம்தான் அவள் வரைந்த தோட்டம். அதை அனுப்பினால் பத்திரிகையில் வராது. பழைய முதலாளியின் மேஜையும் சிரிப்பும் காத்திருக்கின்றன.

"நான் இருக்கறதை" என்றாள்.

"பெயர் எப்படி எழுதணும்?"

ஷ்யாமளா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். மெதுவாக, பிசகில்லாமல், நாற்காலிவரை கேட்கிற குரலில். பேராச்சி போனைக் காதில் வைத்து யாரிடமோ மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.